மகளிர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மகளிர் தினமும் மருத்துவ முகாமும் வழக்கம்போல் நடந்தன. சங்கத்தின் நேரம் பெரும்பாலும் போனது வேறொரு வேலைக்கு: வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோன பெண்களுக்கும், கேட்டும் கிடைக்காத பெண்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பது. அரசு செலவைக் குறைக்கும்போது பெண்களுக்குத்தான் அடி அதிகமா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டிருந்தீர்கள். அதிகம்தான் என்பதே எங்கள் முடிவு. பெண்களுக்குக் கொடுக்காதே என்று எந்த அரசாணையிலும் எழுதியிருக்காது. உயர்த்தப்படாத தொகையாகவும், கொடுக்கப்படாத வேலை நாளாகவும், பதியாத கைரேகையாகவும்தான் வெட்டு வருகிறது.

முதலில் நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் பெண்கள். ஆகவே இதில் எதைக் குறைத்தாலும் அது பெண்ணின் கூலியைத்தான் குறைக்கும். மத்திய பட்ஜெட்டில் 2022–23க்கு 73,000 கோடி ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு 60,000 கோடியாகச் சுருக்கினார்கள். 2024–25இல் 86,000 கோடி என்றாலும், நவம்பர் இறுதிக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலிப் பணம் நின்றது. 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று ஜனவரியில் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2024–25இல் நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. அதுவும் வெட்டிய மண்ணின் அளவுக்குத்தான். முழுத் தொகை எல்லோர் கைக்கும் வருவதில்லை.

வருகைப் பதிவில்தான் தொல்லை அதிகம். 2023 ஜனவரியிலிருந்து வேலைத்தளத்தில் காலையில் ஒன்றும் பிறகு ஒன்றுமாக இரண்டு படம் செயலியில் ஏற வேண்டும். இரண்டாவது படம் ஏறாவிட்டால் செய்த வேலைக்குக் கூலி இல்லை. பனங்காட்டிலும் ஊருணிக் கரையிலும் சிக்னல் இருக்காது. பணித்தளப் பொறுப்பாளர் படத்தைக் கைபேசியிலேயே சேமித்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து ஏற்றலாம். இதை அவருக்கு நினைவுபடுத்துவதைக் குழுத் தலைவிகள் தினசரிக் கடமையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை கேட்பதை வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி உண்டு: முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு. ரசீது இல்லையென்றால் கேட்டதற்கே சாட்சி இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே. மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி, ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி. அங்குள்ள கருவாட்டுக் களத்துப் பெண்ணுக்கும் அதே வறுமைதான். ஆனால் ஊரின் எல்லைக்கோடு அவளை வெளியே நிறுத்திவிடுகிறது.

முதியோர் உதவித்தொகையில் நடப்பது சத்தமில்லாத வெட்டு. 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இல் அதுதான், இன்றும் அதுதான். கைம்பெண்களுக்கான 300 ரூபாயும் 2012க்குப் பிறகு அசையவில்லை. மாநில அரசு தன் பங்கைக் கூட்டி, 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாகத் தருவதால்தான் நம் ஊர்க் கிழவிகள் கஞ்சி குடிக்கிறார்கள். கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிற கரை இது. விலைவாசி ஏற ஏற அந்த 200 ரூபாய் ஆண்டுதோறும் குறைந்துகொண்டுதான் வருகிறது. உத்தரவு போட்டுக் குறைத்திருந்தால் தெருவில் இறங்கியிருப்போம்.

கைரேகை பற்றி விரிவாகச் சொல்கிறேன், மனுக்களில் பாதி இதைச் சுற்றியே இருந்தன. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடல்பாசிகளை எடுக்கிறவர்கள் பாறையிலிருந்து விரலால் பிய்த்தெடுக்கிறார்கள். துணி சுற்றினாலும் நுனிவிரல் தேய்ந்துவிடும். மீன் கம்பெனியில் ஐஸில் நின்று இறால் உரிக்கிறவர்களுக்கும், உப்புத் தடவிக் கருவாடு போடுகிறவர்களுக்கும் இதே நிலைதான். ரேஷன் கடை இயந்திரம் அந்த விரலை ஏற்காது. செய்ய வேண்டியவை: கடைக்குப் போவதற்கு முந்தின நாள் பாசிக்குப் போகாமல் இருந்து, இரவில் விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரல் ஏறாத இடத்தில் மோதிர விரல் ஏறுவதுண்டு. அதுவும் ஆகாவிட்டால் கருவிழிப் பதிவு கேளுங்கள். நிரந்தரத் தீர்வு, ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிப்பது. 2024–25இல் கட்டணம் 100 ரூபாயாக இருந்தது. பாசி எடுக்காத நாட்களில் போனால் நல்ல பதிவு கிடைக்கும். மார்ச் 31க்குள் குடும்ப அட்டையில் உள்ள எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று வந்தபோது, வெளியூரில் இருக்கும் ஆண்களுக்காக அலைந்தவர்கள் வீட்டுப் பெண்களே. அவரவர் இருக்கும் ஊரின் ரேஷன் கடையிலேயே வைக்கலாம் என்பது தெரியாமல் பலர் பஸ் செலவு செய்து அவர்களை வரவழைத்தார்கள்.

மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நம் கரையில் பெண்ணின் பெயரிலேயே வருகிற ஒரே நிலையான பணம் பலருக்கு இதுதான். அதனால்தான் அதன் வரம்புகள் உறுத்துகின்றன. ஓர் அட்டைக்கு ஒருவர் என்பதால், மாமியாரும் இரண்டு மருமகள்களும் ஒரே அட்டையில் இருந்தால் ஒருவருக்கு மட்டும். தனிச் சமையல் நடத்துகிறவர்கள் தனி அட்டை வாங்குங்கள்.

பணம் நின்றுவிட்டது என்று வந்த பலரின் சிக்கல் வங்கியில்தான் இருந்தது. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும். குழுக்கடன் கொடுக்க வந்தவர் திறந்துகொடுத்த புதுக் கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருக்கும். ஆதாரில் பதிந்த கைபேசியிலிருந்து *99*99*1# போட்டால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று தெரியும். ஒரு வங்கிக் கிளையில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று உதவிப் பணத்திலேயே பிடித்தார்கள். கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்ற எழுதிக் கொடுத்த பிறகே அது நின்றது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நிவாரணத்தை 5,000இலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023இல் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது; வரவேற்றோம். ஆனால் அது மீனவக் குடும்பத்துக்கு. விசைப்படகு நின்றால் தரம் பிரிக்கிற, உரிக்கிற, சுமக்கிற பெண்ணுக்கும் அதே 61 நாள் வேலை இல்லை. அவளைத் தொழிலாளியாக எந்தப் பதிவேடும் எண்ணவில்லை. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்திலும் இதே கதை. ஆண் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்க்கும். பெண்ணின் 1,500 ரூபாய்க்கு மாநில அரசுதான் 3,000 தருகிறது. மத்திய அரசின் கணக்கில் கடலுக்குப் போகிறவர் மட்டுமே மீனவர். மாதம் 175 வீதம் எட்டு மாதம், ஒன்பதாம் மாதம் 100. தவணை தவறாமல் கட்டுங்கள்.

கேஸ் மானியம் பற்றிச் சுருக்கமாக. ஏழைப் பெண்களுக்கான உஜ்வாலா கேஸ் இணைப்பு இல்லாதவர்களுக்கு 2020 நடுவிலிருந்து மானியம் கிட்டத்தட்ட இல்லை. சிலிண்டர் தீர்ந்த வீடுகளில் பெண்கள் மறுபடி சீமைக்கருவேல முள் வெட்டப் போகிறார்கள். மிச்சமான மானியத்தை அரசு கணக்கில் எழுதுகிறது. வெட்டிச் சுமந்த நேரத்தை எழுத ஏடு இல்லை.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு அவசர பட்ஜெட் வந்தபோது, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் அந்த பட்ஜெட்டின் கணக்கை ஒவ்வோர் இனமாக எடுத்து, யார் கையிலிருந்து பணம் போகிறது என்று பார்த்தது. சுமார் 800 கோடி பவுண்டில் 72 சதவீதம் பெண்களிடமிருந்து போகிறது என்று தெரிந்தது. ஃபாசெட் சொசைட்டி என்ற பெண்கள் அமைப்பு வழக்குப் போட்டது, நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. குழந்தைக்கான பணத்தைத் தாயின் பணமாக எண்ணலாமா என்று அங்கே எதிர்வாதமும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் தாயின் கைக்கு வரும் பணம் நின்றால் கடன் கேட்டுப் படியேறுகிறவளும் அவள்தான். ஆகவே அவள் பேரில் எழுதுவதே சரி. நம் ஊராட்சிகளின் செலவையும் இப்படி இனம் இனமாகப் பார்க்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானங்கள்: மத்திய அரசின் 200, 300 ரூபாய்களை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தக் கோருவது. மீன் கம்பெனி, கருவாட்டுக் களம், பாசி வேலைப் பெண்களைத் தடைக்கால நிவாரணப் பட்டியலில் தனியே சேர்க்க மாவட்ட ஆட்சியரிடம் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது. ஊராட்சிப் பகுதி உறுப்பினர்கள் ஆண்டுதோறும் மார்ச் கடைசி வாரத்திலேயே நூறு நாள் வேலைக்கு எழுதிக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் பதினைந்து நாள் கெடு தடைக்காலம் தொடங்குமுன் முடியும், வேலையோ படியோ அந்த 61 நாளுக்குள் கைக்கு வரும். விண்ணப்பத் தாள் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அட்டை நகலும் வங்கிப் புத்தக நகலும் கொண்டு வாருங்கள்.

செயலாளர்