ஆர்.என்.ஏ. நேர்க்குச்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வைரஸ் கட்டுரை படித்தேன். எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் 'புரதத்தை மாற்றாத சடுதிமாற்றத்தால் (மரபுச் செய்தியில் ஏற்படும் எழுத்து மாற்றத்தால்) எந்த விளைவும் இல்லை' என்ற வரி உறுத்துகிறது. பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சிவப்பு மைப் பேனா இன்னும் கையில்தான் இருக்கிறது.

அந்த வரிக்கு மறுப்பை நானே சொட்டுச் சொட்டாகக் கொடுத்திருக்கிறேன். போலியோ முகாம் நாட்களில் எங்கள் பள்ளி வராந்தாவில்தான் மேசை. குப்பி லேபிளில் வட்டத்துக்குள் உள்ள சதுரம் வெளுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழந்தை வாயில் இரண்டு சொட்டு. அப்புறம் சுண்டுவிரலில் மை.

அதில் இருந்தது ஆல்பர்ட் சாபின் என்ற விஞ்ஞானி உருவாக்கிய வலுவிழந்த போலியோ வைரஸ். போலியோ வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்ற இழையில் ஏ, யூ, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது; மொத்தம் சுமார் 7,440 எழுத்துகள். முதல் 740 சொச்சம் எழுத்துகளில் வைரஸின் புரதத்துக்கான குறிப்பு கிடையாது. அந்தப் பகுதி, கொல்லிமலைச் சாலை மாதிரி, கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து கிடக்கும். நம் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வந்து ஏறுவதே அந்த மடிப்பைப் பிடித்துத்தான். போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. மூன்றாம் வகைச் சொட்டு வைரஸில் 472-ஆவது எழுத்தான 'சி', 'யூ'வாக மாறியிருக்கிறது. மடிப்பில் அதற்கு எதிரே ஜோடியாக நிற்பது 'ஜி'. சி-ஜி ஜோடிக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு, யூ-ஜிக்கு இரண்டுதான். வளைவு தளர்ந்துவிடுகிறது, நரம்பு செல்லில் புரதம் தயாரிக்க வைரஸ் திணறுகிறது. (வேறு மாற்றங்களும் உண்டு, புரதத்திலும் சேர்த்து. இல்லை என்று சொல்லவில்லை.) குழந்தையின் குடலில் சில நாளிலேயே அந்த யூ மறுபடி சி ஆகி, வளைவு பழைய வலுவைப் பெற்றுவிடுவதை 1985-லேயே கண்டுவிட்டார்கள்.

இரண்டாம் வகையிலும் இதே கதை, அங்கே 481-ஆவது எழுத்து. 2021-இல் களத்துக்கு வந்த புதிய இரண்டாம் வகைச் சொட்டில் அப்படி எளிதில் திரும்பிப் போகாதபடி, யூ-ஜிக்குப் பதில் ஏ-யூ ஜோடிகளை வைத்து இந்த வளைவையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். யூ-ஜி ஜோடி, ஒரே எழுத்து மாறினால் சி-ஜி ஆகிவிடும். ஏ-யூ ஜோடி அந்த வலுவைப் பெற இரண்டு எழுத்தும் மாற வேண்டும். இதைப் படித்தபோது, சரி, நம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரியுமே என்று தோன்றியது.

சொட்டு மருந்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இயற்கைப் போலியோ நம் நாட்டில் நின்றதற்குக் காரணமே அந்தச் சொட்டுதான்.

தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை படத்தில் ஆர்.என்.ஏ.வை நேர்க்குச்சியாகப் போட வேண்டாம்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, நாமக்கல்