ஐந்து சதத்துக்கு செலோடேப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புறக்கோட்டைப் பக்கம், ஒரு கடை மாடியில் பழைய அபூர்வப் பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் சின்னக் கூடமொன்றுக்குப் பேத்தியோடு போயிருந்தேன். பெயர் வேண்டாம், நடத்துபவர் நல்ல மனுஷன். கிராமபோன் கைப்பிடியைப் பிள்ளையிடமே கொடுத்துச் சுற்றவிட்டார். பெரிய அருங்காட்சியகங்களில் இது நடக்குமா?

ஆனால் நாணயப் பெட்டியைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை. ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக் காசு, எங்கள் காலத்துச் சதுர ஐந்து சதம், விளிம்பு நெளிந்த இரண்டு சதம் எல்லாவற்றையும் மட்டையில் வைத்து செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் மஞ்சளாகி, பசை காசுக்கு மேல் கசிந்து கிடக்கிறது. சுரண்டினால் கீறல் விழும். நாணயம் சேர்ப்பவர்கள் பாவிக்கும் உறைகளில் போடலாமே? அதிலும் பீவீசி என்ற பிளாஸ்டிக் உறை கூடாது; நாள்பட்டால் செப்பில் பச்சை பிடிக்கும்.

விளக்க அட்டைகளில் தமிழ் இல்லை. சீனத் தளபதி செங் ஹே காலி நகருக்குக் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்லிலேயே சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. வேண்டுமானால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், படம் எடுத்து முடிந்து வெளியே வரும்போதுதான் கமராவுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். சரி, கட்டினோம். அதை டிக்கட் விலையோடு சேர்த்து வாசலிலேயே எழுதிப் போடட்டும். தர மாட்டோம் என்றா சொல்கிறோம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டாஞ்சேனை.