பொங்குவதெல்லாம் அழுக்கைப் போக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதியை விடாமல் படிக்கிற வாசகி நான். சலவைத் தூள், தரை துடைக்கும் திரவம், கண்ணாடி துடைப்பது என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல விஷயம். நானும் சில வருடங்களாகச் செய்கிறேன், மாதச் செலவில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் "இதையும் அதையும் கலக்கவும்" என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. ஏன் கலக்கிறோம், எதை எதோடு கலக்கவே கூடாது என்று இரண்டு வரி சேர்த்தால் என்ன?

சமையல் சோடாவும் வினிகரும் கலந்த குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றியதும் பொங்குகிறது, அழுக்கையெல்லாம் அரித்துக்கொண்டு வருவது போலத் தோன்றுகிறது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று தீர்த்துவிடும், பொங்கி வருவது வெறும் கரியமில வாயு, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். இதைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைத்தால் வாயு அழுத்தத்தில் பாட்டிலே வெடிக்கலாம். தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டுமே அருமையான பொருள்கள். அடிப்பிடித்த பாத்திரத்துக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி ஊற விடலாம். கெட்டிலில் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் போதும், ஏனென்றால் அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கரைந்துவிடும். பளிங்குக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதனால்தான் பளிங்குத் தரையில் வினிகர் படக்கூடாது, பளபளப்பு போய்விடும். இந்த ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் பாதிக் கேள்விக்கு வாசகரே பதில் கண்டுபிடித்துக்கொள்வார்.

சலவைச் சோடா கிடைக்கவில்லையா, சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம் வைத்தால் அதுவே சலவைச் சோடா ஆகிவிடும். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறுவதால் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வெறும் கையால் தொட வேண்டாம், அலுமினியத் தட்டும் வேண்டாம். கடினமான வேலை இல்லை, ஆனால் காரம் கூடியிருக்கிறது என்பது நினைவிருக்க வேண்டும்.

சோப்புக் கட்டியைத் துருவிச் சலவைச் சோடா கலந்த தூளையும் செய்து பார்த்தேன். முதல் சில வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் துண்டுகள் சாம்பல் நிறமாகி விறைத்துப் போயின, தண்ணீரையும் உறிஞ்சவில்லை. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் டிடர்ஜென்ட் அப்படிப் படிவதில்லை. சரி, மென்நீர் இருக்கிறவர்கள் கையால் துவைக்கத் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். மெஷினுக்கு நான் மறுபடி கடைத் தூளுக்கே வந்துவிட்டேன். எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதும் சிக்கனக் குறிப்புதானே, அதையும் போடுங்கள்.

வீட்டில் செய்த திரவத்தைக் காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒருநாள் உறவினர் வீட்டுக் குழந்தை அதைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டது, நல்லவேளை பக்கத்திலேயே இருந்து பிடுங்கினேன். அன்றிலிருந்து குடிக்கும் பொருள் வந்த பாட்டிலைத் தொடுவதே இல்லை. ஒவ்வொன்றிலும் பெயரும் செய்த தேதியும் எழுதி ஒட்டி, உயரத்தில் வைக்கிறேன்.

கடைசியாக, ப்ளீச். அதோடு வினிகரோ வேறெந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுக்கள், கதவடைத்த சின்னக் குளியலறையில் உயிருக்கே ஆபத்து. இரண்டு மடங்கு சுத்தமாகட்டும் என்று நினைத்து நல்ல எண்ணத்தில்தான் கலக்கிறார்கள். இனி வீட்டுத் தயாரிப்புக் குறிப்பு வரும்போதெல்லாம் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் மற்றதை வெட்டிவிட்டு இந்தப் பத்தியை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி