இரண்டு மணி நேர வெளிச்சமும் பிரெஞ்சுக் கிராமத்துக் கல்சுவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரான்சின் கிராமப்புறங்களில் திறந்தவெளியில் தைலவண்ண ஓவியம் தீட்டுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, படித்தவுடன் கிளம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அதை நம்பிப் பெட்டி கட்டுகிறவர் முதல் நாளே திணறுவார். பெரிய கான்வாஸை நிறுத்திக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தால் ஒரு கோட்டையை முடித்துவிடலாம் என்கிறது கட்டுரை. காலையில் கோபுரத்துக்கு ஒரு பக்கம் விழும் நிழல் மாலையில் மறுபக்கம் விழும். அப்படித் தீட்டிய படத்தில் இரண்டு சூரியன்கள் இருக்கும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. இயற்கையைப் பார்த்துத் தீட்டும் பயிற்சி ஓவியத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், சூரிய உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணி நேரம் என்று பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் பியேர்-ஆன்ரி த வலான்சியேன் 1800இலேயே எழுதிவைத்தார். திறந்தவெளித் தைலவண்ணம் பிரெஞ்சு ஓவியர் மோனேயோடு தொடங்கியதாகக் கட்டுரை சொல்வதும் இதனால் அடிபடுகிறது. அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் உலோக வண்ணக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றது 1841இல். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிக்கொண்டு வெளியே போனார்கள். மோனேயும் ஒரே கான்வாஸில் நாள் முழுக்க உட்காரவில்லை. 1890-91இல் ஜிவெர்னி கிராமத்து வைக்கோற்போர்களைத் தீட்டியபோது வெளிச்சம் மாற மாறக் கான்வாஸையும் மாற்றினார். ருவான் தேவாலய முகப்பை 1892, 1893இல் எதிர்க் கட்டடங்களின் அறைகளுக்குள்ளிருந்து தீட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் முடித்தார்.

ஆக, கையிருப்பு இரண்டு மணி நேரம். கான்வாஸின் அளவு, சுமக்கும் எடை, வேலையின் வரிசை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

முதலில் கடிகாரம். கோடையில் பிரெஞ்சுக் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2 மணியை ஒட்டி. ஜூன் கடைசியில் அஸ்தமனம் பாரிஸ் பக்கம் இரவு 10 மணிக்குச் சற்று முன்னால், மார்செய் பக்கம் 9.20 அளவில். கல்சுவரில் சாய்வெயில் படிந்து புடைப்பு தெரியும் நேரம் இரவுச் சாப்பாட்டு நேரத்தோடு மோதும். சாப்பாட்டைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

பழைய தேவாலயங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பெரும்பாலும் பீடம் கிழக்கிலும் முகப்பு மேற்கிலும் இருக்கும்படி கட்டியிருப்பார்கள். பின்புற அரைவட்டச் சுவரில் காலை வெயில், தெற்குச் சுவரில் நண்பகல் வெயில், முகப்பில் மாலை வெயில். வடக்குச் சுவருக்கு நடுக்கோடையின் விடியலிலும் அந்தியிலும் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். வரைபடத்தில் கட்டடம் நிற்கும் திசையைப் பார்த்தாலே எத்தனை மணிக்குப் போவது என்று முடிவாகிவிடும். காலை பத்து மணிக்கு முகப்பின் எதிரே ஈசலை (கான்வாஸைத் தாங்கும் முக்காலியை) விரித்து, சுவர் தட்டையாக இருக்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

அளவு விஷயத்தில் பிரான்சுக்கென்று ஒரு முறை இருக்கிறது. கடையில் கான்வாஸை எண்ணாலும் வகையாலும் கேட்க வேண்டும். ஃபிகூர் (உருவம்), பேசாஜ், மரீன் (கடல்) என்று மூன்று வகை. 10ஆம் எண்ணில் ஃபிகூர் 55×46 செ.மீ., பேசாஜ் 55×38, மரீன் 55×33. நீளம் ஒன்றுதான், அகலம் குறைந்துகொண்டே போகும். பேசாஜ் என்றால் நிலக்காட்சி. அதற்காக அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கோபுரமும் மரமும் சேர்ந்தால் ஃபிகூர்தான் தோதாக அமையும். இரண்டு மணி நேரத்துக்கு 3ஆம் எண் ஃபிகூர் (27×22) அல்லது 5ஆம் எண் (35×27) போதும். கை தேறியவர் 8ஆம் எண் (46×38) வரை போகலாம். கட்டுரையின் படத்தில் இருந்தது 30ஆம் எண் போலத் தெரிகிறது. 92×73 செ.மீ. கான்வாஸ் காற்றடித்தால் கப்பல் பாய்தான்.

காற்று என்றதும் தெற்குப் பிரான்சின் பலத்த காற்றான மிஸ்திரல். 1888இல் அங்கே ஆர்ல் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தில் வான் கோ வழி சொல்லியிருக்கிறார்: ஈசலின் கால்களை மண்ணில் ஊன்று, பக்கத்தில் 50 செ.மீ. இரும்பு முளை அடி, எல்லாவற்றையும் கயிற்றால் சேர்த்துக் கட்டு. கல்பாவிய தெருவில் முளை இறங்காது. அங்கே முக்காலியின் நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டுக் கற்களால் நிரப்பலாம். பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி ஈசலையும் ஆட்டும். கால்கள் மடங்கும் பிரெஞ்சுப் பெட்டி ஈசல் அழகானதுதான், ஆனால் முழு அளவு என்றால் வெறும் பெட்டியே ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். மலையுச்சிக் கிராமத்துக்கு ஏறுவதென்றால் கேமரா முக்காலியில் பொருத்தும், பொஷாட் எனப்படும் சிறிய ஓவியப் பெட்டி மேல்.

குடை வெள்ளை, சாம்பல், கறுப்பு இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். சிவப்புக் குடையின் கீழ் தீட்டினால் சிவப்பு வெளிச்சத்தில் நிறம் கலக்க நேரும். சட்டை அடர்நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையின் பளபளப்பு ஈர வண்ணத்தில் தெரிந்து கண்ணை ஏமாற்றும். படம் தீட்டும் பலகையும் வண்ணம் கலக்கும் பேலட்டும் ஒரே நிழலில் இருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். நேர்வெயில் விழும் பலகையில் எல்லா நிறமும் வெளிறித் தெரிவதால் கை தானாகவே அடர்த்தியாகக் கலக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெயில் குழைத்த சாதாரண வண்ணக் குழாய்கள் எளிதில் தீப்பற்றுபவை அல்ல. சரக்குப் பெட்டியில் வைக்கலாம். வண்ணத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பானான டர்பன்டைன் எந்தப் பெட்டியிலும் கூடாது. வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும், கரைப்பான் கலந்த ஆல்கிட் திரவங்கள் பலவற்றுக்கும் இதே தடை. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். கிராமத்து வன்பொருள் கடையிலும் டெரெபான்தீன் என்று கேட்டால் கிடைக்கும்.

ஒரு வாரத்துக்கு டைட்டேனியம் வெள்ளை 150 மி.லி., மற்றவை 40 மி.லி. குழாய் ஒவ்வொன்று: எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி, இளம் காட்மியம் சிவப்பு, அலிசரின் (கருஞ்சிவப்பு), அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). குழாய்ப் பச்சை வேண்டாம். பிரெஞ்சுக் கோடையின் பச்சை ஏற்கெனவே முரட்டுப் பச்சை. எலுமிச்சை மஞ்சளும் அல்ட்ராமரினும் கலந்து, ஒரு துளி சிவப்பால் அதை அடக்கினால்தான் சுவர் எடுபடும்.

கல்லின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். பெரிகோர் பகுதிச் சுண்ணாம்புக்கல் தேன் நிறம். தூரேன் பகுதியின் தூஃபோ என்ற சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய வெள்ளை. பிரெத்தாஞில் சாம்பல் கருங்கல். கொலோன்ழ்-லா-ரூழ் கிராமம் முழுக்கச் சிவப்பு மணற்கல். கிளெர்மோன்-ஃபெரான் பேராலயம் கறுத்த எரிமலைக் கல். ருசியோன் கிராமத்தில் காவி மண்ணே சுவரில் ஏறியிருக்கும். தேன் நிறக் கல்லின் வெயில் பகுதிக்கு வெள்ளையும் மஞ்சள் காவியும், சூடேற்றக் கொஞ்சம் சியன்னா. நிழலுக்கு அல்ட்ராமரினும் சியன்னாவும் வெள்ளையும். கறுப்பைச் சேர்த்தால் கல் கரியாகிவிடும். நிழலும் ஒரே நிறமல்ல: தரையை ஒட்டிய பகுதியில் வெயில் பட்ட மண்ணின் வெதுவெதுப்பு ஏறும், வானத்தைப் பார்த்த விளிம்புகளில் நீலம் படியும். லுவார் பக்கத்து ஸ்லேட் கூரை வானத்தைப் பிரதிபலிப்பதால், நிழலில் இருக்கும் சுவரைவிட வெளிறித் தெரிவதுண்டு. ஸ்லேட் கறுப்பு என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் இங்கே தவறுவார்.

இனி வேலையின் வரிசை. பலகைக்கு முதல் நாளே நீர்த்த சியன்னாவைப் பூசித் துணியால் துடைத்து வைக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் எந்த நிறமும் இருட்டாகவே தெரியும். களத்தில் முதல் பத்து நிமிடம் தீப்பெட்டி அளவில் ஒரு பென்சில் குறிப்பு: வெளிச்சம், இடைநிலை, இருள் என்று மூன்றே அளவு. பிறகு டர்பன்டைனில் நீர்த்த அல்ட்ராமரின்–சியன்னா கலவையால் கோடு. முதலில் கண்மட்டக் கோடு, அதாவது நம் கண்ணின் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு. உட்கார்ந்து தொடங்கினால் உட்கார்ந்தே முடிக்க வேண்டும்; நடுவில் எழுந்தால் கண்மட்டம் ஏறி ஜன்னல்கள் எல்லாம் பொய்யாகிவிடும். ஏறும் தெருவின் கோடுகள் கண்மட்டத்துக்கு மேலே போய்க் குவியும், இறங்கும் தெருவினுடையவை கீழே. வீடுகளின் ஜன்னல் வரிசை மட்டும் கண்மட்டத்திலேயே குவியும். இரண்டையும் ஒரே புள்ளிக்கு இழுத்தால் மலைத்தெரு சமதளமாகிவிடும்.

பழைய கட்டடத்தில் எதுவும் நேராக இருக்காது. அடிச்சுவர் வெளியே தள்ளியிருக்கும், கூரை முகடு நடுவில் தொய்ந்திருக்கும். தூரிகையின் நுனியைப் பிடித்துத் தூக்குக்குண்டுபோல் தொங்கவிட்டுப் பார்த்தால் சுவர் எவ்வளவு சாய்கிறது என்று தெரியும். அந்தச் சாய்வை நிமிர்த்திவிட்டால் கட்டடம் நேற்றுக் கட்டியதாகத் தெரியும். எல்லாக் கோட்டையும் கோணலாக்கினால் கேலிச்சித்திரம். கிடைமட்ட வரிகளை முதலில் முறையாகப் போட்டு, பிறகு கண்ட இடத்தில் மட்டும் கோணலைச் சேர்க்க வேண்டும்.

கோடு முடிந்ததும் நிழலின் எல்லையைக் குறித்துவிட வேண்டும். அதன் பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் அதைத் துரத்தக் கூடாது. திறந்தவெளி ஓவியத்தில் கெடுவதில் பாதி இந்தத் துரத்தலால்தான். நிழல் பகுதிகளை மெல்லியதாக, பிறகு வானம், பிறகு வெயில் பட்ட சுவரைக் கனமாக. கீழடுக்கில் கரைப்பான் கூடுதல், மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் மெலிந்த மேலடுக்கு முதலில் இறுகி, கீழடுக்கு நகரும்போது வெடிக்கும். ஈரத்தின் மேல் ஈரம் வைக்கும்போது தூரிகையை ஒவ்வொரு இழுப்புக்கும் துடைத்து, வண்ணத்தை நிறைய எடுத்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தடவினால் கீழ்வண்ணம் கிளறி வந்து சேறாகும். தட்டைத் தூரிகை நான்கைந்தும் ஒரு வண்ணக் கரண்டியும் போதும். சுவரின் கற்களை ஒவ்வொன்றாக எண்ணித் தீட்டாதீர்கள். வெயிலும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் ஐந்தாறு கல் தெரிந்தால் மீதிச் சுவரைப் பார்ப்பவர் கண்ணே கட்டிக்கொள்ளும்.

பூச்சி ஒட்டினால் ஈரத்தில் நோண்ட வேண்டாம், காய்ந்தபின் தட்டினால் உதிரும். உதிராவிட்டாலும் குடிமுழுகாது: கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள வான் கோவின் ஒலிவ மரப் படத்தில் ஒரு வெட்டுக்கிளி ஒட்டிக்கிடந்தது 2017இல்தான் தெரியவந்தது.

ஈரப் பலகைகளை முகத்தோடு முகம் வைத்து, மூலைகளில் 5 மி.மீ. தக்கைத் துண்டு செருகிக் கட்டினால் பத்திரமாகப் பயணம் செய்யும். மெல்லிய அடுக்கு தொட்டால் ஒட்டாமல் காய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், கனமானவை பல வாரம். டைட்டேனியம் வெள்ளை மெதுவாகக் காயும். அவசரம் என்றால் ஆல்கிட் வெள்ளை. வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிப் பையில் திணிக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும். குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடலாம், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடலாம். தெற்கில் இது விளையாட்டல்ல. ஓவியர் செசான் தீட்டிய சென்ட்-விக்துவார் மலைக்குள் போவதற்கே கோடையில் தீ அபாயத்தைப் பொறுத்து அன்றன்று தடை வரும். முதல் நாள் மாலையே பார்த்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் முதல் காடுகளில் வேட்டைக்காலம். ஆரஞ்சு நிறத் தொப்பியோ மேலங்கியோ இல்லாமல் புதரோரம் உட்காராதீர்கள். கரைப்பானை ஓடையில் கொட்டக் கூடாது. டப்பாவில் ஒரு நாள் வைத்தால் மண்டி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

அனுமதி பற்றிக் கட்டுரை வீணாகப் பயமுறுத்துகிறது. பொது இடத்தில் நின்று பழைய வீட்டைத் தீட்ட உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. தன் சொத்தின் உருவத்தின் மேல் உரிமையாளருக்குத் தனியுரிமை இல்லை, அவருக்கு அசாதாரணமான தொந்தரவு நேர்ந்தால் மட்டுமே தடுக்கலாம் என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவருடைய நிலத்துக்குள் ஈசலை ஊன்ற மட்டும் கேட்டாக வேண்டும். வழியை மறிக்கும்படி நிற்பதாக இருந்தால் மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் படங்களை வெளியிடும்போது அடியில் ஓவியரின் பெயரோடு கான்வாஸின் அளவையும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தைலவண்ணம் பழகும் ஒரு வாசகர்