காட்டுச் சாலையில் அடுப்பு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வால்பாறைக்கும் மூணாறுக்கும் வேன் வேனாகக் கிளம்புகிறோம். போவதில் தப்பே இல்லை. கூடவே சிலிண்டரும் அடுப்பும் அண்டாவும் ஏறுகின்றன பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

அரையாண்டு லீவில் நாங்களும் குடும்பத்தோடு போய்வந்தோம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழநி வழியாகப் பொள்ளாச்சி, ஆழியாறு ஏறி வால்பாறை, அப்புறம் கீழே இறங்கி உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியே மூணாறு, திரும்பும்போது போடிமெட்டு. ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு சரணாலயம், இரவிகுளம் தேசியப் பூங்கா எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடுகின்றன. சின்னாறு மழை மறைவுப் பக்கம் என்பதால் நம்மூர்க் கருவக்காடு மாதிரி காய்ந்த முட்காடாகத்தான் இருக்கிறது. மறையூர்ச் சந்தனக்காட்டைத் தாண்டி மேலே ஏற ஏற தேயிலையும் பனியும் வந்துவிடும். இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே அந்த வழியில் போகலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றைத் தாண்டி, ஓரமாக ஒரு வேன். பின்கண்ணாடியில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார், நம்ம பக்கத்து வண்டிதான். பாறை மறைவில் அடுப்பு எரிகிறது, எண்ணெயில் அப்பளம் பொரிகிறது. வயதான ஆச்சி ஒருவர் வாழையிலைத் துண்டில் புளியோதரையை வைத்துத் தார்ச்சாலை மேலேயே வைத்துவிட்டு, "வாயில்லா சீவன், சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்கிறார். குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுமந்த குரங்கு நடுச்சாலையில் உட்கார்ந்து அள்ளித் தின்கிறது. வளைவில் திரும்பிய பஸ் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றதால் தப்பித்தது.

அந்த ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்களுக்கு வழிநெடுக சாப்பாடு போட்டுப் பழகியவர்கள் நாம். பசித்தவருக்குப் போடுவது புண்ணியம்தான், ஆனால் அந்தக் கணக்கு காட்டுக்குள் செல்லாது. சோற்றுக்குப் பழகிய குரங்கு மரத்தை விட்டுச் சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது, கொடுக்காவிட்டால் கையைக் கடிக்கிறது. வால்பாறைப் பக்கம் இருக்கும் சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மர உச்சியிலேயே பழமும் பூச்சியும் தின்று வாழ்கிற சாதி அது. அது தரையில் இறங்காமல் சாலையைக் கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியில் பாலம் கட்டியிருக்கிறார்கள். மேலே பாலம் கட்டுவது ஒருவர், கீழே இலை போட்டு இறக்குவது இன்னொருவர் என்றால் எப்படி? மிச்சச் சோற்றைக் கட்டி எறிகிற பிளாஸ்டிக் பையை உப்பு ருசிக்காக மான் முழுசாகவே விழுங்கும், அது தனிக்கதை.

இரவிகுளத்தில் இந்த வம்பே இல்லை. சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பூங்கா பஸ்ஸில்தான் ராஜமலைக்கு ஏற வேண்டும். வரையாடு குட்டி போடும் பருவத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். அங்கே யாரும் எதுவும் கொடுப்பதில்லை, ஆனாலும் வரையாடுகள் நமக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாக மேய்கின்றன.

வால்பாறைச் சாலை ஊர்மக்கள் போய்வருகிற வழி, அங்கே வண்டியை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைத் தேடும்போதே அடுப்பு, சிலிண்டர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இருந்தால் அங்கேயே டோக்கன் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது கொடுக்கட்டும். சமைக்கத்தான் வேண்டுமென்றால் அடிவாரத்தில் தண்ணீர்க் குழாயோடு ஒரு கொட்டகை போதும். நம்மூர் வேன்காரர்களும் வண்டி பேசும்போதே "மலையில் அடுப்பு கிடையாது" என்று சொல்லிவிடலாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், இலையை ஊருக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். கோடை லீவுக்கு முன்னால் வனத்துறை இதைக் கவனித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி