குவாண்டம் உரையும் நன்றியுரையும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அணு அளவில் செயல்படும் இயற்பியல் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினித் துறையின் வேலைவாய்ப்பு பற்றி இப்போது பல கல்லூரிகளில் சிறப்புரை நடக்கிறது. தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு 6,003 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியராக நான் கேட்ட பல உரைகள் இந்தக் கோடிக்கணக்கில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டன.

பி.எஸ்சி. படிக்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது, ஒரு குவாண்டம் ஆய்வகத்துக்குள் போனால் தனக்கு என்ன வேலை என்பதுதான். மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சில்லுகளில் ஓடும் குவாண்டம் கணினி, தனிச்சுழி வெப்பநிலையை (சுமார் −273 டிகிரி செல்சியஸ்) ஒட்டி, கெல்வினில் நூறில் ஓரிரு பங்கு அளவுக்குக் குளிர்விக்கப்பட வேண்டும். அந்தக் குளிர்விப்பானை இயக்க ஆள் வேண்டும். வெற்றிடக் குழாயில் கசிவு தேட, மைக்ரோவேவ் சுற்று அமைக்க, லேசரை நேர்ப்படுத்த, இவற்றையெல்லாம் கட்டுப்படுத்தும் நிரல் எழுத ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆராய்ச்சிதான் வேண்டும் என்பவர்களுக்கோ ஜாம், ஜெஸ்ட் என்று எம்.எஸ்சி., முனைவர் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகள் இருப்பதையும், முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இறுதியாண்டு வரை ஜாம் பற்றிக் கேள்விப்படாத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணிதம், கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும் இதில் இடமுண்டு. பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் குவாண்டம் வழிமுறையை அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். அந்தக் கணக்கின் கடினத்தை நம்பியிருக்கும் இன்றைய இணையப் பூட்டுகள் பலவற்றை ஒருநாள் அது உடைக்கலாம் என்பதால், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் மாற்றுக் குறியாக்கத் தரங்கள் மூன்றை வெளியிட்டது. வங்கிகளின் மென்பொருளை அவற்றுக்கு மாற்றும் வேலைக்குக் குவாண்டம் கணினியே தேவையில்லை!

2025இல் இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஜான் மார்ட்டினிஸ், மீக்கடத்திச் சுற்றுகளில் பரிசுக்குரிய சோதனைகளைச் செய்தபோது ஆய்வு மாணவர். உரையாளர்கள் இதைச் சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

பெரிய அரங்கு வேண்டுமென்பதும் இல்லை. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் தன் வீட்டிலேயே மாணவர்களுக்குக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் வந்த குவாண்டம் இயற்பியல் முன்னோடி நீல்ஸ் போர் அந்த இளைஞர் குழுவை வியந்து பாராட்டினார். அந்த முயற்சியிலிருந்தே 1962 ஜனவரியில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது.

இப்போது நாம் நடத்தும் விதம் வேறு. குத்துவிளக்கு, பொன்னாடை, முதல்வர் உரை, துறைத்தலைவர் உரை. அப்புறம் விருந்தினர் பேசி முடித்ததும், 'நேரமின்மை காரணமாக' கேள்விகளை விட்டுவிட்டு நன்றியுரைக்குப் போய்விடுகிறோம். கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் ஆசிரியர்கள் வாய் திறக்க வேண்டாம். தமிழில் கேட்கலாம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஆன்மிகச் சொற்பொழிவும் கச்சேரியும் நாள்தோறும் வருகின்றன. வெளி மாணவர்களை அனுமதிக்கும் அறிவியல் உரைகளையும் அங்கே இடம், நேரத்தோடு போடலாமே. பக்கத்து ஊர்க் கல்லூரியில் நடப்பதுகூட எங்கள் மாணவர்களுக்கு மறுநாள் புகைப்படத்தில்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
மதுரை.