தூணை இடிப்பதற்கு முன்னால்

அன்புள்ள மல்லி,

உன்னுடைய மூன்று வாய்ஸ் மெசேஜும் கேட்டாயிற்று. மூன்றாவதில் நீ திட்டியது நியாயம்தான். நான்கு மாதமாகப் பதில் இல்லை என்றால் எனக்கும் கோபம் வந்திருக்கும். இங்கே எல்லாரும் நலம். பெரியவள் காலேஜ் விண்ணப்பமே கதி என்று கிடக்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? ஜோதி டீச்சரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். அந்த வெள்ளரிப்பிஞ்சு விஷயத்தை மட்டும் அவரிடம் கிளறிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

பதில் போடாததற்குக் காரணம் ஒரு வீடு. கடைசியில் வாங்காமல் விட்ட வீடு.

பதினோரு வருஷம் வாடகை கொடுத்தது போதும் என்று ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு வீடு பார்த்தோம். நான்கு படுக்கையறை, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், விலையும் எங்கள் கைக்குள். பின்பக்கம் பெரிய பெக்கான் மரம். அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் வீட்டுப் புளியமரம்தான் ஞாபகம் வந்தது. மனசுக்குள் ஊஞ்சலே கட்டிவிட்டேன். வீட்டுத் தரகர், "அரசு வெள்ள வரைபடத்தில் இது எக்ஸ் ஜோன், வெள்ள இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்றார். சரி என்று முன்பணம் வரைக்கும் பேசிவிட்டோம்.

இரண்டாவது தடவை போனபோது, என் வீட்டுக்காரர் ஜன்னல் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா வரவேற்பறைச் சுவரில் கை வைத்தபடி நின்றேன். மேலே சுவர் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. கீழே வழவழவென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்ன மேடு. அதன்மேல் விரலை வைத்து நடந்தேன். அறையைச் சுற்றி ஒரே மட்டமாகப் போனது. படுக்கையறையிலும் அதே உயரம், அலமாரிக்குள்ளும் அதே உயரம். டேப்பை வாங்கி அளந்து பார்த்தேன். தரையிலிருந்து சரியாக நான்கு அடி.

இங்கே உள்சுவர் செங்கல் இல்லை மல்லி. மரச்சட்டத்தின் மேல் ஷீட்ராக் என்கிற பலகையை அடித்திருப்பார்கள். அந்தப் பலகை நான்கு அடி அகலம். வீட்டுக்குள் வெள்ளம் ஏறினால், ஊறிப்போன பலகையை நான்கடி உயரத்துக்கு அறுத்துப் போட்டுவிட்டு, புதுப் பலகையைப் படுக்கவைத்துப் பொருத்திப் பூசிவிடுவார்கள். பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில் நான் நினைத்தது உங்கள் அப்பாவைத்தான். தென்பெண்ணைத் தண்ணீர் திண்ணை ஏறும்போதெல்லாம், வடிந்த மறுநாளே சுத்தியலோடு வந்து, தண்ணீர் ஏறிய உயரத்தில் தூணில் ஆணி அடிப்பாரே, அவரை.

வீட்டுக்கு வந்து, விற்கிறவர்கள் எழுதிக் கொடுத்த படிவத்தைத் தேடி எடுத்தேன். டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்து வெள்ளத்தைப் பற்றி நிறையக் கேள்விகளுக்குப் பதில் எழுதித்தான் வீட்டை விற்க முடியும். முன்பு தண்ணீர் புகுந்ததா, 100 ஆண்டு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, 500 ஆண்டுப் பகுதியா, நீர்த்தேக்கத்தின் பிடிப்புக்குள், அதாவது அது நிரம்பினால் தண்ணீர் தேங்கும் இடத்துக்குள், வருகிறதா என்று வரிசையாகக் கட்டங்கள். 100 ஆண்டுக்கு இல்லை, 500 ஆண்டுக்கு இல்லை. நீர்த்தேக்கத்தின் பிடிப்புக்கு மட்டும் ஆம். தண்ணீர் புகுந்ததற்கும் ஆம், 2017. அவர்கள் மறைக்கவில்லை, நாங்கள்தான் படிக்கவில்லை. வரைபடம் சொன்னதும் உண்மை, சுவர் சொன்னதும் உண்மை. இது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு மாதம் அதில்தான் போனது.

ஹூஸ்டன் ஊரின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுன்ட்டிக்குள் வருகிறது. கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. இங்கே 47 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். தரை தாம்பாளம் போல் தட்டை. மண் கெட்டிக் களி. நான் பார்த்த பக்கமெல்லாம், அந்தக் கேட்டி வட்டாரம் முழுக்க, ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. எதற்காக அங்கே நெல் போட்டார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், அதற்காகத்தான். அதே மண்ணில் இப்போது தெருத் தெருவாக வீடுகள்.

1929லும் 1935லும் பஃபலோ பேயூ ஆறு பெருகி நகரின் நடுவே புகுந்தது. அதன் பிறகு 1937ல் வெள்ளத்துக்கென்றே ஒரு கவுன்ட்டித் துறை ஏற்பட்டது. 1940களில் ராணுவப் பொறியாளர்கள் நகருக்கு மேற்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். நம் சாத்தனூர் மாதிரி எப்போதும் தண்ணீர் நிற்கிற அணை இல்லை. வெறும் மண்கரைதான். சாதாரண நாளில் உள்ளே காடு, பூங்கா, பந்து விளையாடும் மைதானம், நடுவே சாலைகூடப் போகும். பெருமழை வந்தால் மதகை மூடுவார்கள். தண்ணீர் கரைக்குப் பின்னால் மேற்கே பரவித் தேங்கும், கீழே நகரம் தப்பிக்கும். ஆனால் அணை நிரம்பினால் எதுவரை தேங்குமோ, அதுவரைக்கும் அரசு நிலம் வாங்கவில்லை. மிச்சமிருந்தது வயலும் மேய்ச்சல் நிலமும். பிறகு அதையெல்லாம் மனை போட்டு விற்றார்கள். நான் ஊஞ்சல் கட்டிய மரம் அந்த மிச்சத்தில் நிற்கிறது.

வெள்ள வரைபடமோ ஆறும் ஓடையும் கரை மீறினால் எதுவரை வரும் என்று கணக்குப் போட்டது. அணைக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் வரவில்லை. அந்த வீட்டுக்கான வரைபடத் தாளில் இருந்த தேதியும் 2007.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கரை ஏறி, நகராமல் நின்று நான்கு நாள் கொட்டியது. அந்த மழையைக் கவுன்ட்டி முழுக்கச் சமமாகப் பரப்பினால் 33 அங்குலம் நிற்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு அணையும் அதுவரை காணாத அளவுக்கு நிறைந்து, பின்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. 28ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு மதகைத் திறந்தார்கள், கீழே இருந்த வீடுகளும் மூழ்கின. மேல்பக்கத்துக்காரர்கள் வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. கவுன்ட்டியில் மொத்தம் ஏறக்குறைய 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 100 ஆண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்த வீடுகள். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோட்டுக்கு வெளியே என்று நம்பிப் பெரும்பாலோர் வெள்ள இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. புயல் கிளம்பிய செய்தி பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. அரசின் வெள்ள இன்ஷூரன்ஸ் பணம் கட்டி முப்பது நாள் கழித்துத்தான் செல்லும்.

அப்புறம் இந்த "100 ஆண்டு வெள்ளம்" என்கிற பேச்சு. நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். முப்பது வருஷக் கடனில் வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வருவதற்கு 26 சதவீதம் வாய்ப்பு. நாலு வீட்டில் ஒரு வீடு. இங்கே 2015ல் ஒரு வெள்ளம், 2016ல் ஒன்று, 2017ல் ஹார்வி. 2018ல் மழைக் கணக்கையே திருத்தினார்கள். அந்த நூறாண்டு மழை ஒரு நாளைக்கு 13 அங்குலம் என்றிருந்தது ஹூஸ்டனில் 18 அங்குலத்துக்குப் பக்கம் போய்விட்டது.

மற்றதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 2001ல் அலிசன் புயல், 2008ல் ஐக் புயல். 2021 பிப்ரவரியில் பனி உறைந்து கரண்ட் போய்க் குழாயெல்லாம் வெடித்தது. 2024 மே மாதம் சூறைக்காற்று, அதே ஜூலையில் பெரில் புயல். பெரிலுக்கு இருபது லட்சம் இணைப்புக்கு மேல் இருண்டு போனது. அந்த வெயிலில் எத்தனையோ பேர் நாள்கணக்கில் மின்விசிறிகூட இல்லாமல் கிடந்தார்கள். எங்கள் வீட்டில் ஐந்து நாள்.

கிழக்கே பேடவுனில் பிரௌன்வுட் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. வளைகுடாவைப் பார்த்தபடி நல்ல வசதியான வீடுகள். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் ஊருக்கும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் அமுங்கித் தரை அடிக்கணக்கில் கீழே போனது. கடல் வாசலுக்கு வந்தது. 1975ல் நிலம் தாழ்வதைத் தடுக்கவென்றே ஒரு அமைப்பு ஏற்படுத்தினார்கள், ஆனால் பிரௌன்வுட்டுக்கு அது பிந்திவிட்டது. 1983ல் அலிசியா புயலோடு குடியிருப்பைக் கைவிட்டார்கள். இப்போது அது பறவைகள் வருகிற பூங்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் நடந்துவிட்டு வந்தேன். வரும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை.

வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு இன்னும் அந்த மரத்தின் மேல் ஏக்கம், எனக்கும்தான்.

இப்போது உன் விஷயம். திண்ணையை இடித்துவிட்டுப் புதுவீடு எழுப்பப் போகிறோம் என்று இரண்டாவது மெசேஜில் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆகவேண்டும் என்று இருக்கிறது. 2015, 2021 ஆணிகள் அப்பா அடித்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குச் சாத்தனூரில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது அவர் இல்லை, நீ அடித்தாய். அழுதுகொண்டே அடித்தேன் என்றாய். இந்தக் கவுன்ட்டி கோடிக்கணக்கில் செலவழித்துச் சேர்த்து வைத்திருக்கிற வெள்ளக் கணக்குதான் மல்லி அந்தத் தூண். உங்கள் தெருவுக்கு அதைவிடச் சரியான கணக்கு எந்த ஆபீசிலும் கிடைக்காது.

தூணை வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள். முடியாது என்றால் இடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். கொத்தனாரிடம் டியூப் மட்டம் இருக்கும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய். ஒவ்வொரு ஆணியின் மட்டத்தையும் தெருமுனை மாரியம்மன் கோயில் முதல் படிக்குக் கொண்டுபோய், படியிலிருந்து எத்தனை அங்குலம் மேலே, கீழே என்று எழுதிக்கொள். தெருவிலிருந்து அளக்காதே, ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துவிடும். படியைத் தொட்டு யாரும் இடிக்க மாட்டார்கள். அப்புறம் பேஸ்மட்டத்தை எல்லாவற்றிலும் உயரமான ஆணிக்கு மேலே இரண்டடியாவது தூக்கச் சொல். செலவு கூடும் என்று உன் வீட்டுக்காரர் முனகுவார், முனகட்டும். நான் பேசிக்கொள்கிறேன். ஆணிகளைப் பிடுங்கி எறிந்துவிடாதே, பத்திரமாக எடுத்து வை.

கொத்தனார் என்றைக்கு வருகிறார் என்று மட்டும் சொல். உனக்குக் காலை என்றால் எனக்கு ராத்திரி. விழித்திருக்கிறேன். டியூபை ஆணியில் பிடிக்கும்போது வீடியோவில் கூப்பிடு, நான் பார்க்க வேண்டும்.

உன்
சுதா